சுகர் மிஷின் மாதிரி மறதி நோய்க்கும் மிஷின் வந்துருச்சாமே, அம்மாவுக்கு வாங்கலாமா?

#1 மேலூர்_முத்து | ஜனவரி 6, இரவு 10:52

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, இப்பதான் முதல் தடவ எழுதுறேன், நீளமா போனா பொறுத்துக்கங்க.

எங்கம்மாவுக்கு 68 வயசு. சுகர் இருக்கு, 12 வருஷமா மாத்திரை. மார்கழி பொறந்தா வாசல் அம்மாவோடதுதான், 15 புள்ளிக் கோலம் கை பாட்டுக்கு ஓடும், எதுத்த வீட்டு அக்காகிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டே போட்டு முடிச்சிருவாங்க. போன வாரம் நான் பால் வாங்கிட்டு வர்றேன், அம்மா கோலமாவு டப்பாவ இடுப்புல வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாங்க. நாலாவது வரிசையில புள்ளி கோணலா இறங்கிருக்கு. "எத்தன வச்சேன்னு தெரியலடா"ன்னாங்க. தண்ணிய ஊத்தி அழிச்சுட்டு ரெண்டு பூவ வரஞ்சுட்டு உள்ள போயிட்டாங்க, அதுக்கப்புறம் அதப் பத்தி ஒரு பேச்சு இல்ல. ரசத்துக்கு ரெண்டு தடவ புளி கரைக்கிறது, போன்ல கேட்டதையே கேக்குறது எல்லாம் வயசானா வர்றதுதான்னு விட்டுட்டோம், ஆனா கோலத்துல தடுமாறுனது எனக்கு திக்குனு ஆகிருச்சு.

தம்பி பெங்களூர்ல இருக்கான். அவன் ஒரு வீடியோ அனுப்புனான், உள்ளங்கை சைஸ்ல ஒரு மிஷின், சொட்டு வச்சா மொபைல்ல மறதி நோய் இருக்கா இல்லையான்னு காட்டுமாம். அது கூடவே ஒரு ஆன்லைன் விளம்பரம், எச்சில் தொட்டு வைக்கிற ஸ்ட்ரிப், "வீட்டிலேயே 15 நிமிடத்தில்"னு போட்டிருக்கு. ஆஸ்பத்திரி, ஸ்கேன்னு அலையாம இத வாங்கிப் பாத்துரலாம்ங்கிறான். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 வாட்ஸ்அப்_மாமா | ஜனவரி 6, இரவு 11:05

தம்பி அந்த வீடியோ எனக்கும் வந்துச்சு, அமெரிக்காவுல கண்டுபிடிச்சது, உண்மைதான். வாங்கிட்டு எப்படி இருக்குன்னு இங்க போடுங்க, எனக்கும் சாவி வச்ச இடம் மறக்குது.

#3 ஏரோட்டி | ஜனவரி 6, இரவு 11:11

சாவி வச்ச இடம் மறந்தா ஒண்ணுமில்ல மாமா. சாவி எதுக்குன்னு மறந்தாத்தான் பயப்படணும்னு எங்கூர் டாக்டர் சொல்லுவாரு.

#4 சென்சார்காரன் | ஜனவரி 7, காலை 7:40

முத்து சார், நான் நாலு வருஷம் இந்த மாதிரி சென்சார்லதான் பிஎச்டி பண்ணி தலைமுடி கொட்டினவன், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

வீடியோவுல இருக்கிறது எதுன்னு எனக்கு தெரியும்னு நினைக்கிறேன். கலிஃபோர்னியா சான் டியேகோ பல்கலைக்கழகத்துல ரத்னேஷ் லால் குழு 2023 கடைசியில வெளியிட்டது. கொரோனா வைரஸ கண்டுபிடிக்க செஞ்ச கையடக்க மிஷின அல்சைமர் (மறதி நோய்ல பெரும்பாலும் இதுதான்), பார்க்கின்சன் (நடுக்க நோய்) புரதங்களுக்கு மாத்தினாங்க. கிராஃபீன்ங்கிற மெல்லிசான கார்பன் படலம் வச்ச டிரான்சிஸ்டர் மேல டிஎன்ஏ துணுக்க ஒட்ட வச்சு, அல்சைமர்ல மூளையில சேர்ற அமிலாய்டோ டாவ் புரதமோ வந்து அதுல ஒட்டினா கரண்ட் மாறும், அது வயர் இல்லாம மொபைலுக்கு போகும். அருமையான வேலை, அதுல கிண்டல் இல்ல. ஆனா வீடியோ போடுறவங்க சொல்லாத விஷயம், அவங்க அந்த பேப்பர்ல டெஸ்ட் பண்ணினது இறந்து போனவங்களோட மூளையிலருந்து எடுத்த புரதத்த. உயிரோட இருக்கிற ஆளோட விரல் ரத்தம் இல்ல. அடுத்ததா ரத்தம், அப்புறம் எச்சில், சிறுநீர்னு போகப்போறோம்னு அவங்களே சொல்லியிருந்தாங்க. தம்பி அனுப்பின எச்சில் ஸ்ட்ரிப்புக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல, யாரோ வீடியோவ காட்டி வேற எதையோ விக்கிறான்.

சுகர் மிஷின் மாதிரின்னு சொல்றாங்களே, அங்கதான் விஷயமே இருக்கு. சுகர் 100னு காட்டுதுன்னா ஒரு மில்லி ரத்தத்துல ஒரு மில்லிகிராம் சர்க்கரை. அத பிகோகிராம்ல (ஒரு கிராம்ல லட்சம் கோடியில ஒரு பங்கு) எழுதினா 100 கோடி. இப்ப மறதி நோய்க்கு உலகம் பூரா நம்பி பாக்குற பி-டாவ்217ங்கிற புரதம் (அந்த டாவோட ஒரு வகை) ஒரு மில்லியில ஒரு பிகோகிராம் கூட இருக்காது, பல சமயம் அரை பிகோகிராம் பக்கத்துலதான் இருக்குது இல்லைங்கிற கோடே விழுது. சுகர் ஸ்ட்ரிப் உறிஞ்சுற அந்த ஒரு மைக்ரோலிட்டர் சொட்டுல இது சில ஆயிரம் மூலக்கூறு இருந்தா பெரிசு. அதே சொட்டுல ஆல்புமின்னு ரத்தத்துல சாதாரணமா இருக்கிற புரதம் ஒரு மில்லிக்கு 4000 கோடி பிகோகிராம் கணக்குல மிதக்குது, அது சென்சார் மேல போய் அப்பிக்கிச்சுன்னா நம்ம ஆளுக்கு உக்கார இடமே கிடைக்காது. திருவிழா கூட்டத்துல ஒரு குழந்தைய தேடுறதுன்னு சொல்லலாம், அது கூட சுலபம், குழந்தை அழும்.

#5 மேலூர்_முத்து | ஜனவரி 7, காலை 9:15

சார் ரொம்ப நன்றி, ஆனா ஒரு சந்தேகம். அம்மாவோட பழைய ரிப்போர்ட்ல பி12க்கு பக்கத்துல பிகோகிராம்னுதான் போட்டிருக்கு. சாதாரண லேப்ல அத பாக்குறாங்க, அப்ப இத மட்டும் ஏன் முடியாது?

#6 சென்சார்காரன் | ஜனவரி 7, காலை 9:48

இந்த கேள்விய என் வைவாவுல கூட யாரும் கேக்கல. பி12 200க்கு மேல இருந்தா நார்மல்னு வச்சுப்பாங்க, அதாவது நம்ம புரதத்த விட பல நூறு மடங்கு ஜாஸ்தி, அதுவும் அத பாக்குறது மேஜை சைஸ் மிஷின். பெரிய லேப்ல பி-டாவ்217 பாக்குறது இப்ப நிஜமாவே நடக்குது. 2010ல டேவிட் வால்ட் குழு ஒரு ஒரு மூலக்கூறா எண்ணுற முறைய கொண்டு வந்தாங்க, சின்னச் சின்ன பாசிமணி மாதிரி உருண்டை மேல புரதத்த பிடிச்சு, ஒரு உருண்டைக்கு ஒரு குழின்னு உக்கார வச்சு, எந்த குழி எரியுதுன்னு எண்ணுறது. அதுக்கப்புறம்தான் ரத்தத்துல இத பாக்கலாம்ங்கிற தைரியமே வந்துச்சு. அந்த மிஷின் எல்லாம் ரூம்ல நிக்கிற சாமான், பாக்கெட்ல வராது.

கையில அடங்குற சைஸ்ல செய்யணும்னா ரெண்டு மூணு வழி இருக்கு, மின்வேதி எலக்ட்ரோடு, கிராஃபீன் டிரான்சிஸ்டர், பிரெக்னன்சி டெஸ்ட் மாதிரி கோடு விழுற ஸ்ட்ரிப். டிரான்சிஸ்டருக்கு உப்புதான் எமன். ரத்தம் உப்புத் தண்ணி, அதுல மின்சாரப் புலம் ஒரு நானோமீட்டர் கூட தாண்டாது, ஆனா புரதத்த பிடிக்கிற ஆன்டிபாடி 10 நானோமீட்டர் உசரம், அதாவது பிடிச்ச மீன் தூண்டில் நுனியில தொங்குது, கரையில நிக்கிற நமக்கு இழுப்பே தெரியாது. அதனாலதான் சான் டியேகோக்காரங்க குட்டையான டிஎன்ஏ துணுக்கு போட்டாங்க. லேப்ல உப்ப குறைச்ச தண்ணியில எங்க சென்சார் பிரமாதமா வேலை செஞ்சுது. நிஜ பிளாஸ்மாவ (ரத்தத்துல செல்ல பிரிச்சு எடுத்த தண்ணி) ஊத்தின அன்னிக்கு கிராஃப் அசையாத நேர்கோடு. ஆறு மாசம் அந்த நேர்கோட்டதான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இன்னொண்ணு, சுகர் மிஷினுக்கு 15 சதவீதம் முன்ன பின்ன காட்டலாம்னு சர்வதேச தர விதியிலயே அனுமதி இருக்கு. 180அ 200ன்னு காட்டினா யாரும் சாகப்போறதில்ல. ஆனா ரத்தத்துல அமிலாய்டு 42/40 விகிதம் (அமிலாய்டுல ரெண்டு வகைய வகுத்துப் பாக்குறது) நோய் உள்ளவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் வித்தியாசப்படுறதே 10, 15 சதவீதம்தான். மிஷினோட தப்பும் நோயோட வித்தியாசமும் ஒரே அளவுன்னா அது என்னத்த சொல்லும்? பி-டாவ்217 ஓரளவு நல்லா பிரியுது, அதான் எல்லாரும் அது பின்னாடி ஓடுறாங்க.

#7 லேப்_செல்வி | ஜனவரி 7, மதியம் 1:20

நான் 14 வருஷமா லேப் டெக்னீஷியன், திருச்சி. சென்சார் அண்ணன் மிஷின பத்தி சொல்லிட்டாரு, நான் மிஷினுக்கு முந்தி நடக்கிறத சொல்றேன், ஏன்னா பாதி தப்பு அங்கதான் நடக்கும், திட்டு மட்டும் எங்களுக்கு விழும்.

அமிலாய்டு இருக்கே அது பசை மாதிரி. சாதாரண பிளாஸ்டிக் டியூப்ல ஊத்தினா சுவத்துலயே ஒட்டிக்கும், ஒரு டியூப்லருந்து இன்னொரு டியூப்புக்கு மாத்த மாத்த அளவு குறையும். ரத்தம் எடுத்து ஊதா மூடி டியூப்ல போட்டு சீக்கிரம் சுத்தி பிளாஸ்மாவ பிரிச்சு ஃப்ரீஸர்ல வைக்கணும். நம்ம ஊர்ல கலெக்‌ஷன் பையன் காலையில ஏழு மணிக்கு எடுத்த சாம்பிள பைக் பாக்ஸ்ல வச்சுக்கிட்டு பதினோரு மணி வரைக்கும் மத்த வீடு சுத்துவான், சித்திர வெயில்ல. பி-டாவ் கொஞ்சம் தாங்கும், அமிலாய்டு தாங்காது.

ஆனா ஒரு நல்ல விஷயமும் உண்டு. ஸ்வீடன் கோதன்பர்க் பல்கலைக்கழகத்து ஆளுங்க விரல் குத்தி ரத்தத்த அட்டையில சொட்டு விட்டு காயவச்சு, ஐஸ் எதுவும் இல்லாம சாதாரணமா அனுப்பி வச்சு, அதுல பி-டாவ்217 பாக்க முடியுதுன்னு 2023லயே காட்டினாங்க. பொறந்த குழந்தைக்கு குதிகால்ல குத்தி அட்டையில எடுப்போமே அதே டெக்னிக். மிஷின் வீட்டுக்கு வர்றத விட சொட்டு லேப்புக்கு போறதுதான் முதல்ல நடக்கும்னு எனக்கு தோணுது.

முத்து அண்ணா, அம்மாவோட கிரியாட்டினின் (கிட்னிக்கு பாக்குற டெஸ்ட்) எவ்வளவு? சுகர் 12 வருஷம்னா கட்டாயம் பாத்திருப்பீங்க.

#8 ஸ்டார்ட்அப்_தம்பி | ஜனவரி 7, மாலை 6:30

எல்லாரும் சேந்து ஒரு டெக்னாலஜிய பொறக்கறதுக்கு முன்னாடியே குழி தோண்டாதீங்க பாஸ். நான் மெடிக்கல் டிவைஸ் ஃபீல்டுல இருக்கேன் (மறதி நோய் இல்ல, வேற). நரம்பு டாக்டர் மதுரையில, கோயம்புத்தூர்ல, சென்னையில இருக்காங்க, கல்வராயன் மலையில யார் இருக்கா? மூளையில அமிலாய்டு படிஞ்சிருக்கான்னு காட்டுற பெட் ஸ்கேனுக்கு எத்தன ஊர்ல வசதி இருக்கு? முதுகுத்தண்டுல ஊசி குத்தி தண்ணி எடுக்கணும்னு சொன்னா நம்ம ஊர் பாட்டி எந்திரிச்சு ஓடிரும். லாசி-டாட்னு ஒரு சர்வே, இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், 88 லட்சம் பேர். இதுல முக்கால்வாசி பேர் எந்த டாக்டரையும் பாக்காமலே போய் சேருவாங்க. 2021லருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீடு வீடா போய் பிபி, சுகர் பாக்குறாங்கல்ல, அதே அக்கா கையில இந்த மிஷினும் ஒண்ணு குடுத்தா என்ன கெட்டுப் போகும்?

#9 ராத்திரி_டியூட்டி | ஜனவரி 8, அதிகாலை 2:35

டியூட்டில கொஞ்சம் ஓய்வு கிடைச்சுதுங்க, அதான் எழுதறேன். கோயமுத்தூர் பக்கம், வயசானவங்க வைத்தியம் பாக்கறவன்.

தம்பி கேட்டது நாயமான கேள்விதானுங்க, அதனால கணக்காவே போட்டுக் காட்டறேன். 90 சதவீதம் சரியா சொல்ற மிஷின்னு வெச்சுக்குவோம், ரெண்டு பக்கமும் 90. அது நல்ல மிஷின்தானுங்க. இத தூக்கிட்டு அந்தக்கா 60 வயசுக்கு மேல 1000 பேர் வீட்டுக்குப் போறாங்க. தம்பி சொன்ன கணக்குப்படி 74 பேருக்கு நோய் இருக்கும், அதுல 67 பேர மிஷின் புடிச்சுக்கும். மீதி 926 பேர் நல்லா இருக்கறவங்க, அதுல பத்துக்கு ஒண்ணு தப்பா காட்டுனா 93. ஆக மொத்தம் 160 வீட்டுல அழுகை, அதுல 93 வீட்டுல சும்மா. அதே மிஷின என்ற கிளினிக்குல வைங்க, மறதின்னு சொல்லிட்டு வர்ற 1000 பேர்ல 500 பேருக்கு நெசமாவே இருக்குதுன்னா 450 சரி, 50தான் தப்பு. மிஷின் அதேதானுங்க, எந்த வாசல்ல வெக்கறோம்ங்கறதுதான் வித்தியாசம்.

இது கற்பனைக் கணக்கு. நெசக் கணக்கும் இருக்குது. 2025 மே மாசம், அமெரிக்காவுல மருந்து, டெஸ்ட்டுக்கெல்லாம் அனுமதி குடுக்கற எஃப்டிஏ முதல் தடவையா அல்சைமருக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி குடுத்துச்சு, ஃபுஜிரெபியோ கம்பெனியோட லூமிபல்ஸ், பி-டாவ்217அ அமிலாய்டு 42ஆல வகுத்துப் பாக்கறது. 499 பேர் ரத்தத்துல பாத்தப்ப, இருக்குதுன்னு சொன்னதுல 91.7 சதவீதம் சரி, இல்லைன்னு சொன்னதுல 97.3 சதவீதம் சரி. அஞ்சுல ஒருத்தருக்கும் கொஞ்சம் கம்மியா ரெண்டுங்கெட்டான்னு வந்துச்சு. ஆனா அது யாருக்குன்னு பாருங்க, 55 வயசு தாண்டி, மறதிக்கான அறிகுறி ஏற்கனவே இருந்து, அதுக்குன்னு டாக்டரப் பாக்க வந்தவங்களுக்கு மட்டும். நல்லா இருக்கறவங்கள சலிச்செடுக்க இல்லீங்க.

செல்வி அம்மிணி கிரியாட்டினின் கேட்டது சும்மா இல்லீங்க. கிட்னி மந்தமா இருந்தா இந்த டாவ் ரத்தத்துலயே தங்கிப்போயி மூளையில ஒண்ணும் இல்லாட்டியும் அளவு ஏறிக் காட்டும். ஸ்வீடன்லயும் அமெரிக்காவுலயும் கோடு போட்டது அவங்க ஊர் ஆளுக்கு. சுகரும் கிட்னியும் இப்படிக் கலந்து கெடக்கற நம்மூருக்கு அந்தக் கோடு எங்க விழோணும்னு நம்மாளுக ரத்தத்துலதான் பாக்கோணும்.

#10 பெரியகுளம்_பொன்னி | ஜனவரி 8, காலை 11:02

நான் படிச்சவ இல்ல இந்த கிராஃபீன் எல்லாம் புரியல ஆனா எங்க மாமியாருக்கு ஒம்பது வருஷமா இந்த நோய் நான்தான் பாக்குறேன் அதனால சொல்றேன் தம்பி. மொத ரெண்டு வருஷம் நாங்க அது நோய்னே நினைக்கல, அத்தைக்கு திமிரு, வேணும்னே பண்ணுதுன்னு நானே எத்தன நாள் சண்ட போட்டிருக்கேன், நகைய யாரோ எடுத்துட்டாங்கன்னு என்னய சொல்லி ஊரக் கூட்டுச்சு, கடைசியில அரிசி டிரம்முக்குள்ள கெடந்துச்சு துணியில சுத்தி. அன்னைக்கு எவனாச்சும் ஒரு மிஷின வச்சு இது நோய்மா அத்தை மேல தப்பு இல்லன்னு சொல்லியிருந்தா நான் அவங்கள அத்தன பேச்சு பேசியிருக்க மாட்டேன். இப்ப என் பேரு தெரியாது, ஆனா தலை சீவி விடும்போது மட்டும் "நல்லாருப்ப"ன்னு சொல்லும். அதனால மிஷினே வேணாம்னு சொல்லிறாதீங்க சார்.

#11 ராத்திரி_டியூட்டி | ஜனவரி 8, இரவு 9:10

பொன்னி அக்கா, நீங்க சொல்றத மறுக்கவே முடியாதுங்க. சீக்கிரம் தெரியறதுல இருக்கற பெரிய லாபமே வீட்டுல சண்டை நிக்கறதுதான்.

தம்பிக்கும் ஒண்ணு ஒத்துக்கறேன். அந்த 97.3ங்கற நம்பர் இருக்குதுல்ல, இல்லைன்னு சொல்றதுக்கு அது நல்ல ஆயுதம். மலைக்காட்டு பிஎச்சியில ஒரு பெரியம்மா மறதின்னு வந்தா, கையடக்க மிஷின் ஒண்ணு நம்பகமா இல்லைன்னு சொல்லிருச்சுன்னா அவங்கள எட்டு மணி நேரம் பஸ்ஸுல ஏத்தி டவுனுக்கு அனுப்ப வேண்டியதில்ல, பி12, தைராய்டு, மனச்சோர்வுன்னு மத்ததப் பாக்கலாம். அந்த மாதிரி மிஷின் வந்தா மொத ஆளா நானே வாங்குவேனுங்க. வீட்டு வீட்டுக்குப் போயி குத்தறது வேண்டாம்ங்கறதுதான் என்ற கச்சி. அந்தக்கா கையில மிஷினுக்குப் பதிலா கேள்விகளக் குடுக்கலாம். வேலூர்ல படிக்காத பெரியவங்களுக்கும் பொருந்தற மாதிரி தமிழ்லயே கேள்வி செஞ்சிருக்கறாங்க, 10/66னு உலக ஆராய்ச்சி ஒண்ணுல சென்னையும் வேலூரும் இருந்துச்சு, அந்த அனுபவம் எல்லாம் நம்ம கையிலயே கெடக்குது.

#12 ஸ்டார்ட்அப்_தம்பி | ஜனவரி 8, இரவு 9:55

டாக்டர், ஓகே, அந்த பாயிண்ட் எடுத்துக்கறேன். ஆனா 15, 20 வருஷம் முன்னாடியே மூளையில அமிலாய்டு படிய ஆரம்பிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அப்ப 50 வயசுலயே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே? இப்பதான் லெக்கானமாப், டொனானமாப்னு மருந்தெல்லாம் வந்துருச்சே?

#13 ராத்திரி_டியூட்டி | ஜனவரி 8, இரவு 10:40

வந்துருக்குதுங்க. லெக்கானமாப் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா டிரிப்ஸ்ல ஏத்தோணும், 18 மாசத்துல நோய் மோசமாகற வேகம் 27 சதவீதம் கொறஞ்சுச்சு. வேகந்தான் கொறையும், போனது திரும்பி வராது. மூளை வீங்குதா ரத்தம் கசியுதான்னு எம்ஆர்ஐ எடுத்துப் பாத்துட்டே இருக்கோணும், ஏபிஓஇ4ங்கற மரபணு அம்மா அப்பா ரெண்டு பக்கத்துலருந்தும் வந்திருக்கறவங்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அதுவும் ஆரம்ப அறிகுறி வந்தவங்களுக்குத்தான், ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு இல்ல.

70 வயசுல நல்லா நடந்து கணக்கு வழக்கு பாத்துட்டு இருக்கறவங்கள்லயே நாலஞ்சு பேருக்கு ஒருத்தர் மூளையில அமிலாய்டு இருக்கும். அதுல பல பேரு மறதியே வராம வேற எதுலயாவது போய்ச் சேருவாங்க. அவருகிட்டப் போயி உங்களுக்கு பாசிட்டிவ்னு சொன்னா அன்னிலருந்து அவரு ஒவ்வொரு பேரு மறக்கறப்பவும் செத்துப் பொழைப்பாரு. 50 வயசுல செய்யறதுக்கு வேற வேலை இருக்குது. 2024ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையோட கமிஷன் 14 காரணத்த எழுதி, அதையெல்லாம் சரி பண்ணுனா டிமென்ஷியாவுல சுமார் 45 சதவீதத்த தடுக்கலாம் இல்ல தள்ளிப் போடலாம்னு சொல்லுச்சு. காது கேக்காதது, பிபி, சுகர், கெட்ட கொழுப்பு, சிகரெட்டு, தனிமை எல்லாம் அதுல இருக்குது. இதுக்கு ஒண்ணுக்கும் கிராஃபீன் வேண்டாம்.

#14 ஏரோட்டி | ஜனவரி 8, இரவு 11:20

ஒரே சொட்டு ரத்தத்துல நூத்துக்கணக்கான டெஸ்ட்னு சொல்லிக்கிட்டு கலிஃபோர்னியாவுல தெரனோஸ்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, ஞாபகம் இருக்காவே யாருக்காச்சும்? எலிசபெத் ஹோம்ஸ். 2022 ஜனவரியில முதலீட்டாளர ஏமாத்தின குத்தவாளின்னு ஜூரி சொல்லி இப்ப உள்ள இருக்கு. பெரிய பெரிய ஆளெல்லாம் காச போட்டு ஏமாந்தானுவ. முத்து தம்பியோட தம்பி எம்மாத்திரம்.

#15 சென்சார்காரன் | ஜனவரி 9, காலை 8:05

ஏரோட்டி சொன்னது எங்க ஃபீல்டுக்கே பட்ட சூடு. அதுக்கப்புறம் ஃபண்டிங் கேட்டு போனா முதல் கேள்வியே "இது தெரனோஸ் மாதிரி இல்லையே?"தான்.

ரத்தம் இல்லாத வழியும் போயிக்கிட்டிருக்கு, அதையும் சொல்லிடறேன். இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்துல ஃபாஸ்ட்பால்னு ஒண்ணு, தலையில இஇஜி தொப்பி (மூளையோட மின் சிக்னல பதியறது) மாட்டி மூணு நிமிஷம் படங்கள வேகமா ஓட விடறாங்க, முன்னாடி காட்டின படம் திரும்ப வர்றப்போ மூளை தன்பாட்டுக்கு அடையாளம் கண்டுக்குதான்னு சிக்னல்ல தெரியும். பதில் சொல்ல வேணாம், எழுதப் படிக்க தெரியணும்னு இல்ல, வீட்டுக்கே எடுத்துட்டு போயும் பாத்திருக்காங்க. எனக்கு நம்ம ஊருக்கு இதுதான் சுவாரசியமா படுது. புரதம் இருக்கான்னு கேக்கறத விட மூளை வேலை செய்யுதான்னு கேக்கறது நேரடியான கேள்வி.

கையடக்க சென்சார் வராதுன்னு நான் சொல்லல. வரும். ஆனா யாராவது "வந்துருச்சு"ன்னா மூணு விஷயம் கேளுங்க: நிஜ ஆளோட ரத்தத்துல பாத்தீங்களா இல்ல உப்புத் தண்ணியிலயா, எத்தன பேருக்கு பாத்தீங்க, பெட் ஸ்கேனோட ஒப்பிட்டு பாத்தீங்களா. முக்கால்வாசி பேர் முதல் கேள்வியிலயே பேச்ச மாத்திருவாங்க.

#16 மேலூர்_முத்து | ஜனவரி 9, இரவு 9:30

எல்லாருக்கும் கை எடுத்துக் கும்புடுறேன். தம்பிகிட்ட இத பூரா அனுப்பிட்டேன். கிரியாட்டினின் 1.7னு இருக்கு செல்வி. டாக்டர் சார், நான் இப்ப முதல்ல என்ன பண்ணட்டும்?

#17 ராத்திரி_டியூட்டி | ஜனவரி 10, அதிகாலை 3:15

1.7ன்னா பி-டாவ் இப்ப பாத்தாலும் படிக்கறது சிரமம்ங்க, விட்டுருங்க. சுகருக்கு மெட்ஃபார்மினா? 12 வருஷமா அது போகுதுன்னா பி12 கொறஞ்சிருக்க நல்ல வாய்ப்பு. இந்தக் கிரியாட்டினினுக்கு அந்த மாத்திரையோட அளவையே மறுபடி பாக்கோணும், நீங்களா நிறுத்தீறாதீங்க. பி12, தைராய்டு, உப்பு, ஹீமோகுளோபின் பாருங்க. காது டெஸ்ட் கட்டாயம். வீட்டுல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிப் போட்டு டாக்டர்கிட்ட கொண்டு போங்க, சளிக்குன்னு மெடிக்கல்ல வாங்கற மஞ்ச மாத்திரை, தூக்க மாத்திரை, அடிக்கடி ஒண்ணுக்கு வருதுன்னு குடுத்த மாத்திரை, இதெல்லாம் கூட வயசானவங்கள மந்தமாக்கும். எங்கியாவது விழுந்தாங்களான்னு கேளுங்க, மண்டைக்குள்ள மெதுவா ரத்தம் கட்டிட்டு மறதியா வர்றதும் உண்டு. தலைக்கு ஒரு ஸ்கேன் நேர்ல பாக்கறவரு முடிவு பண்ணுவாரு. கோலத்துல புள்ளி தப்புனத அப்படியே சொல்லுங்க, அது லேசுப்பட்ட தகவல் இல்லீங்க.

#18 பெரியகுளம்_பொன்னி | ஜனவரி 10, காலை 7:50

இன்னொண்ணு தம்பி, அபசகுனமா நினைக்காதீங்க, அம்மா தெளிவா இருக்கும்போதே பேங்கு, பத்திரம் இதெல்லாம் அவங்க இஷ்டம் என்னன்னு கேட்டு எழுதி வச்சுருங்க. நாங்க பவர் பத்திரம் எழுதி வாங்கி வச்சிருந்தோம், அத்தைக்கு புத்தி சுவாதீனம் போனப்புறம் அது செல்லாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு, அப்புறம் கோர்ட்டு கோர்ட்டா அலஞ்சோம் மருந்து வாங்குறதுக்கு அத்தை பணத்த எடுக்க.

#19 மேலூர்_முத்து | ஜனவரி 28, இரவு 10:10

அப்டேட். பி12 138. டாக்டர் (மதுரையில, நல்லா பொறுமையா கேட்டாரு) தலையில கை வச்சுக்கிட்டாரு, இத்தன வருஷமா யாருமே பாக்கலையான்னு. பழைய ரிப்போர்ட்ல 190னு இருந்துச்சு, பக்கத்துல கீழ பாக்குற அம்புக்குறி கூட இருந்துச்சு, நாந்தான் சுகர் நம்பர மட்டும் பாத்துட்டு மடிச்சு வச்சிருக்கேன். மெட்ஃபார்மின பாதியா குறைச்சிருக்காரு. காதுல வலது பக்கம் நல்லா குறைஞ்சிருக்கு. போன்ல கேட்டதையே கேட்டது மறதியா, காது கேக்காமலான்னு இப்ப எனக்கே குழப்பம். தலை ஸ்கேன்ல சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு லேசா இருக்குன்னு சொன்னாரு, சுகர் பிபிக்காரங்களுக்கு வர்றதுதானாம். தமிழ்லயே கேள்வி கேட்டு மார்க் போட்டாங்க, கொஞ்சம் கம்மி. கடிகாரம் வரையச் சொன்னப்ப அம்மா "எதுக்கு, உங்க சுவத்துலயே இருக்கே"ன்னுட்டாங்க. ஊசி ஆரம்பிச்சாச்சு, ஆறு மாசம் கழிச்சு மறுபடி அதே கேள்வி கேப்பாங்களாம். அப்பவும் இறங்கினா மத்தத யோசிக்கலாம்னு சொல்லியிருக்காரு.

#20 லேப்_செல்வி | ஜனவரி 29, காலை 6:45

138!! ஊசிய நடுவுல விட்டுறாதீங்க அண்ணா. ரிப்போர்ட்ல அம்புக்குறி எதுக்கு போடுறோம்னு நெனைக்கிறீங்க, அழகுக்கா.

#21 மேலூர்_முத்து | ஏப்ரல் 19, இரவு 9:20

சித்திரை முதல் நாள் அம்மா கோலம் போட்டாங்க. 9 புள்ளி. ஒரு எடத்துல கோடு வேற பக்கம் போயிருச்சு, அத அப்படியே ஒரு இலையா மாத்திட்டாங்க, தெரியாதவங்க பாத்தா டிசைன்னு நினைப்பாங்க. முன்ன மாதிரின்னு சொல்ல முடியாது. மோசமாயிருச்சுன்னும் சொல்ல முடியாது. காது மிஷின மாட்டச் சொன்னா ஒளிச்சு வச்சுடுறாங்க.

ஒரு விஷயம் சொல்லல. தம்பி நான் சொல்றதுக்கு முந்தியே அந்த எச்சில் ஸ்ட்ரிப்ப ஆர்டர் பண்ணிட்டானாம். மூணு இருக்கிற பாக்கெட். திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம்.

#22 ஏரோட்டி | ஏப்ரல் 19, இரவு 9:34

ஒண்ண தம்பிக்கே வச்சுப் பாக்கச் சொல்லும்வே.

#23 லேப்_செல்வி | ஏப்ரல் 19, இரவு 9:50

இன்னொண்ணுல எலுமிச்சச் சாறு விடுங்க. கொரோனா நேரத்துல பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வெளிநாட்டுப் பசங்க அப்படித்தான் பாசிட்டிவ் வர வச்சானுங்க.

#24 மேலூர்_முத்து | ஏப்ரல் 20, இரவு 8:05

தம்பிக்கு ரெண்டு கோடு. வயசு 34. எலுமிச்சம்பழத்துக்கும் ரெண்டு கோடு. இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு, மாமா, சாவி கிடைச்சுதா, அனுப்பவா?